மறக்கச் சொன்னவர்

இஸ்ரேலிய அறிஞர் யெஹூதா எல்கானாவின் பழைய கட்டுரையை நேற்றிரவு மறுபடி படித்தேன். 1988 மார்ச், இஸ்ரேலின் ஹாரெட்ஸ் நாளிதழ். பாலஸ்தீனர்களின் முதல் எழுச்சி (இன்டிஃபாதா) தொடங்கி மூன்று மாதம்கூட ஆகாத நேரம். பத்து வயதில் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு, உயிரோடு திரும்பியவர் அவர். யூத இனப்படுகொலையை உலகம் நினைவில் வைத்திருக்கட்டும், நாம் மறக்கக் கற்றுக்கொள்வோம் என்று தம் மக்களிடம் சொல்கிறார். பள்ளிப் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப அந்தப் படுகொலைக்கான யாத் வஷேம் நினைவகத்துக்கு அழைத்துப் போகிறோமே, பார்த்ததை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை என்ன செய்யவேண்டும் என்று நினைக்கிறோம்? இந்தக் கேள்வியைத் தாண்டி வாசிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த நினைவு என்ன செய்யக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம். 1982இல் இஸ்ரேல் படை லெபனான் தலைநகர் பெய்ரூட்டை முற்றுகையிட்டிருந்தபோது, பதுங்குகுழியில் ஒளிந்த ஹிட்லரை ஒழிக்க பெர்லினுக்கே படை அனுப்பியதுபோல் உணர்வதாகப் இஸ்ரேல் பிரதமர் பெகின் அமெரிக்க அதிபர் ரீகனுக்கு எழுதினார். குறி, பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் அரஃபாத். பெகினின் பெற்றோரும் அண்ணனும் நாஜிகளிடம் பலியானவர்கள். அவர் துயரத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தத் துயரத்தைக் காட்டி ஒரு நகரத்தின்மீது குண்டு போட்டதுதான் பிரச்சினை. ஹிட்லர் செத்துவிட்டார் என்று இஸ்ரேலிய எழுத்தாளர் அமோஸ் ஓஸ் அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

ஆனாலும் எல்கானாவின் 'மறதி' எனக்கு முழுதாக ஒப்பவில்லை. அந்தப் படுகொலை நடக்கவே இல்லை என்று சாதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்களே! நான் சொல்வதை மறுத்துப் பேச நினைக்கும் நண்பர்கள் முதலில் கட்டுரையைப் படித்துவிட்டு வாருங்கள்.