ஷாங்கும் ஸ்டெம்மும் ஒட்டி உட்கார்ந்த என் முதல் பைப்

புகையிலை பைப்பில், கிண்ணத்திலிருந்து நீளும் மரக்கழுத்தான ஷாங்கும் வாயில் கடிக்கும் குழாயான ஸ்டெம்மும் இடைவெளியின்றி ஒட்டி உட்காரும் வித்தை கடைசியில் கைக்குப் பிடிபட்டுவிட்டது. ஸ்டெம்மைச் செருகி, மேசை விளக்குக்கு எதிரே பிடித்து, மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். மரம் முடிந்து, ஸ்டெம் செய்த கெட்டி ரப்பரான எபோனைட் தொடங்கும் இடத்தில் மயிரிழை அளவுகூட வெளிச்சம் கசியவில்லை. குறுக்கே நகத்தை வைத்து இழுத்தால் தட்டவில்லை. இதற்கு முன் செய்தவையும் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. பவுலின், அதாவது புகையிலைக் கிண்ணத்தின், நரம்போட்டத்தைப் பார்த்தவர்கள் மனதாரப் பாராட்டினார்கள். ஆனால் எல்லாவற்றிலும் அந்த இணைப்பில் ஏதாவது ஒரு பக்கம் கறுப்பாக ஒரு கோடு ஓடும். என் கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது.

நரம்போட்டத்தில் நமக்குப் பெரிய பங்கு இல்லை என்பது என் கருத்து. பிரையர் மரம் தரும் எரிகா ஆர்போரியா என்ற புதர் மத்தியதரைக் கடலோரச் சரிவுகளில் பல பத்தாண்டுகள் நின்று அந்த வேர்முண்டை வளர்க்கிறது. வெட்டி எடுப்பவர்கள் மணிக்கணக்கில் கொதிக்கவைத்துக் கசப்பை இறக்கி, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்தித் தருகிறார்கள். நம் கைக்கு வரும்போதே பாதி வேலை முடிந்த மரம் அது. இணைப்பு அப்படியில்லை, முழுக்க முழுக்கச் செய்பவரின் கைவேலை. இப்போதெல்லாம் யார் செய்த பைப்பை எடுத்தாலும் முதலில் அங்கேதான் பார்க்கிறேன்.

அளவுகளில் புதிதாக எதுவும் இல்லை. புகையிலைக் குழி 19 மி.மீ., புகைத் துளை 4 மி.மீ., ஸ்டெம்மைச் செருக ஷாங்கில் போடும் துளையான மார்ட்டிஸ் 8 மி.மீ. முதலில் துளை, பிறகு வடிவம். புகைத் துளை குழியின் அடியில் நடுவாக வந்து சேர்ந்தது. பைப் கிளீனரை விட்டால் எங்கும் இடறாமல் குழிக்குள் தலை நீட்டுகிறது. அது இருந்தால் போதும், மேலே போகலாம்.

இப்போது இணைப்பு. இடைவெளி இரண்டு விதமாக வரும், இரண்டுக்கும் காரணம் வேறு. ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் தெரிந்தால், ஒன்றையொன்று தொடும் இரண்டு முகங்களில் ஏதோ ஒன்று துளைக்குச் செங்குத்தாக இல்லை. எந்த முகம் என்று கண்டுபிடிக்க ஸ்டெம்மை அரைச் சுற்றுத் திருப்புங்கள். இடைவெளி ஷாங்கின் அதே பக்கத்தில் நின்றால் கோணல் மரத்தில் இருக்கிறது. ஸ்டெம்மோடு சேர்ந்து நகர்ந்தால் எபோனைட்டில் இருக்கிறது. ஸ்டெம் இன்னும் உருளையாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும், வடிவம் கொடுத்த பிறகு திருப்பிப் பார்ப்பதில் பயனில்லை. சுற்றிலும் ஒரே சீராக வெளிச்சம் தெரிந்தால் கோணலே இல்லை. ஸ்டெம்மின் முனையில் இருக்கும் செருகுமுளையான டெனன் நீளமாக இருந்து மார்ட்டிஸின் அடியில் முட்டுகிறது, இல்லையென்றால் டெனனின் அடியில் ஏதோ தடுக்கிறது.

கடைசல் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஷாங்க் முகம் பெரிய விஷயமில்லை. மரத்தைச் சக் என்ற பிடிப்பானிலிருந்து கழற்றாமல் புகைத் துளை, மார்ட்டிஸ், முகம் மூன்றையும் ஒரே பிடியில் முடித்துவிடுவார்கள், எல்லாம் ஒரே அச்சில் வந்துவிடும். டிரில் பிரஸ்ஸும் அரமும் மட்டும் வைத்திருக்கும் நமக்கு அந்த வசதி இல்லை. கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை விரித்து மேலே தேய்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும் ஒவ்வொரு தேய்ப்பிலும் ஷாங்க் இம்மியளவு ஆடும், விளிம்பு மழுங்கும். மழுங்கிய விளிம்புதான் அந்தக் கறுப்புக் கோடு.

எனக்குக் கைகொடுத்தது ஒரு சின்னக் கருவி. 8 மி.மீ. தண்டும் அதன் தலையில் தட்டையான வட்டும் ஒரே எஃகுத் துண்டில் கடைந்தது. இயந்திரம் வைத்திருக்கும் நண்பர் கடைந்து கொடுத்தார். தண்டையும் வட்டையும் தனித்தனியாகச் செய்து ஒட்டினால் செங்குத்து கிடைக்காது, ஒரே துண்டாக இருப்பதில்தான் அதன் முழுப் பயனும் இருக்கிறது. வட்டின் உள்முகத்தில் 320 எண் உப்புத்தாளை வளையமாக வெட்டி ஒட்டி, தண்டை மார்ட்டிஸுக்குள் விட்டு, விரலால் திருப்ப வேண்டியதுதான். மார்ட்டிஸே வழிகாட்டியாக இருப்பதால் முகம் துளைக்குச் செங்குத்தாகத்தான் வந்தாக வேண்டும். அழுத்தாதீர்கள். வட்டின் எடையே போதும். முதலில் ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவில் மரத்தூள் வரும், அந்தப் பிறை மெல்ல மெல்ல வளர்ந்து முழு வளையமாகும். வளையம் மூடியதும் நிறுத்திவிட வேண்டும்.

பிறகு சாக்பீஸ் சோதனை. எபோனைட் முகத்தில் வெள்ளைப் பொடியை லேசாகப் பூசி, ஸ்டெம்மைச் செருகிக் கால் சுற்றுத் திருப்பிக் கழற்றினால், உரசிய இடங்களில் பொடி அழிந்து கறுப்பு தெரியும். கறுப்பு வளையமாக வந்தால் சரி. ஓரிடத்தில் மட்டும் தெரிந்தால் அந்த இடம் மேடு. வெளிச்சத்தில் பார்த்தால் தப்பிப்போவதும் இதில் மாட்டிக்கொள்ளும்.

இனி அந்தத் தடுப்பு. டெனன் ஸ்டெம்மோடு சேரும் மூலையைக் கூர்மையான செங்கோணம் என்றுதான் நினைப்போம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அங்கே சின்னதாக ஒரு வளைவு இருக்கும். டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்த டெனனை எபாக்சியால் ஒட்டினால் பிதுங்கி வந்த பசை அங்கே உறைந்து நிற்கும். மார்ட்டிஸின் கூரான வாய் அந்த வளைவின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், முகங்கள் ஒன்றையொன்று தொடவே தொடாது. மார்ட்டிஸ் வாயை உட்புறமாகச் சரிவாகச் சீவிவிட்டால் தீர்ந்தது. கவுண்டர்சிங்க் பிட்டைக் கையில் பிடித்து இரண்டு சுற்று, அவ்வளவுதான். அரை மில்லிமீட்டர்கூடத் தேவையில்லை. இணைப்பு சரியாக வரவில்லை என்று தவிப்பவர்களில் பலருக்கு முகத்தில் எந்தக் குறையும் இருக்காது, இந்தச் சரிவுதான் விட்டுப்போயிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

டெனன் நீளத்தில் பேராசை வேண்டாம். மார்ட்டிஸின் ஆழத்தைவிட மயிரிழை அளவு குறைவாக வைத்தால் முகம் முதலில் தொடும். ரொம்பக் குறைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, புகையின் ஈரம் அங்கே தங்கிக் களகளவென்று சத்தம் வரும். டெல்ரின் எளிதில் பசை பிடிக்காது, ஒட்டுமுன் அரத்தால் சில வரிகள் கீறிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பாடுபட்டுப் பொருத்தியதை உப்புத்தாள் ஒரு நொடியில் கெடுத்துவிடும். முகம் பொருந்திய பிறகு ஷாங்கைத் தனியாகவோ ஸ்டெம்மைத் தனியாகவோ இணைப்புக்குப் பக்கத்தில் தேய்க்கவே கூடாது. ஸ்டெம்மைச் செருகிய நிலையில், தாளுக்குப் பின்னால் தட்டையான மரக்கட்டை வைத்து, இரண்டையும் ஒன்றாகவே 220இலிருந்து 600 வரை கொண்டுபோனேன். விரலை மட்டும் வைத்துத் தேய்த்தால் மரமும் எபோனைட்டும் வெவ்வேறு வேகத்தில் கரைந்து நடுவில் பள்ளம் விழும். முகமூடி கட்டாயம். எபோனைட்டைத் தேய்க்கும்போது எழும் கந்தக வாடை அறை முழுக்க நிற்கிறது, அந்தத் தூளும் பிரையர் தூளும் நுரையீரலுக்குள் போக வேண்டியவை அல்ல.

மரக்கட்டை வாங்குவது பற்றி ஒன்று. பழகும் காலத்துக்கு வேர்முண்டின் உள்பகுதியில் வெட்டிய எபோஷான் கட்டை போதும், வெளித்தோலோடு வரும் பிளாட்டோவுக்கு அவசரம் வேண்டாம். ஒரு விற்பனையாளர் உயர்தரம் என்று அனுப்பிய கட்டையில், வெளியே ஒரு புள்ளிகூட இல்லை. ஷாங்கைச் சீவும்போது உள்ளிருந்து மணல் குழி என்ற இயற்கைக் குறை வெளிப்பட்டது. உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் எந்த ஆண்டு வெட்டியது என்று கேட்டதற்குப் பதிலே சொல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை. வெட்டிய ஆண்டைச் சொல்பவரிடமே இனி வாங்குவேன். துளை போட்டதும் உள்மரம் காற்றுப் பட்டு இன்னும் கொஞ்சம் உலரும், முகம் மறுபடி அசையும். அதனால் துளையிட்ட கட்டையைச் சில வாரம் சும்மா வைத்துவிட்டு அப்புறம் கருவியைப் போடுவதே சரி.

ஸ்டெம்முக்கு அக்ரிலிக் எடுக்கச் சொல்பவர்கள் உண்டு. நிறம் மாறாது, பளபளப்பு நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். வெயில் பட்டால் எபோனைட்டில் இருக்கும் கந்தகம் மேலே வந்து பச்சையும் பழுப்புமாகும். ஆனாலும் பல்லுக்கு எபோனைட் தரும் இதம் அக்ரிலிக்கில் இல்லை, அரத்துக்கும் அது அழகாக இணங்குகிறது. சிவப்பும் கறுப்பும் கலந்த கம்பர்லேண்ட் எபோனைட் கம்பி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்ததற்கு அதுதான். ஷாங்குக்கும் ஸ்டெம்முக்கும் நடுவே மூங்கில் கணு வைத்த பைப் ஒன்றும் மனதில் இருக்கிறது. அதில் இணைப்பு இரண்டு, முகம் நான்கு. மூங்கில் முகம் எளிதில் பிசிறு விடும் என்பதால் கருவியில் 320க்குப் பதில் 600 தாள் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

இந்தப் பைப் இன்னும் முடியவில்லை. பல்லுக்குப் பிடிப்பாக ஸ்டெம் நுனியில் விடும் மேடான பட்டன் வெட்டவில்லை. கடிக்கும் இடம் இப்போது 6 மி.மீ. கனம், அதை 4 மி.மீ.க்குக் கொண்டுவர வேண்டும். உள்துளையை நுனியை நோக்கி ஒடுங்கும் பிட்டால் போட்டிருப்பதால் அதற்கு இடம் இருக்கிறது. நுனியில் விசிறிபோல் விரியும் பிளவை ஊசி அரத்தால் திறக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் லேசாக ஒரு வளைவு. பைப் கிளீனரை உள்ளே விட்டுவிட்டு, டெனன் பக்கம் ஈரத்துணி சுற்றி, ஹீட் கன்னை நடுப்பகுதியில் மட்டும் காட்டப் போகிறேன். எபாக்சி இளகினால் முகம் நகர்ந்துவிடும்.