துளை போடுகிறவரின் எக்ஸ்ரே

படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகியதும் எனக்கும் முதலில் காசநோய்தான் தோன்றியது. இரண்டு நுரையீரல்களின் மேல்பகுதியிலும் கேழ்வரகைத் தூவியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். நம் ஊரில் இப்படி ஒரு படத்தைப் பார்த்தால் கை தானாகக் காசநோய் மாத்திரை எழுதத்தான் போகும். வேறிடத்தில் ஏற்கெனவே 6 மாதம் கொடுத்து முடித்திருந்தார்கள். சளியில் ஒருமுறைகூடக் கிருமி இல்லை. மூச்சிரைப்பு மட்டும் கூடிக்கொண்டே போனது.

நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்கால்களில் கையூன்றி, உதட்டைக் குவித்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தினார்.

"என்ன வேலை பார்க்கிறீர்கள், ஐயா?"

இதை நான் கேட்டது அவருடைய மூன்றாவது வருகையில். அது இன்றும் உறுத்துகிறது. எங்கள் சீட்டில் வயதுக்கும் ஊருக்கும் இடம் உண்டு, தொழிலுக்கு இல்லை.

"கல்குவாரியில் துளை போடுகிறேன் சார். 16 வருடம்."

படத்தை மறுபடி பார்த்தேன். நுரையீரலின் வேர்ப்பகுதியில் நிணநீர் முடிச்சுகளைச் சுற்றி முட்டை ஓடு போல மெல்லிய வெள்ளைக் கோடு. முதல் நாளும் அது அங்கேதான் இருந்தது.

சிலிக்கோசிஸ், கல்தூசியால் நுரையீரல் தழும்பாகும் நோய். கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். தெரியாத நுண்துகள்தான் காற்றறை வரை இறங்குகிறது. அதை விழுங்க வரும் உடலின் பாதுகாப்பு அணுக்கள் செத்து விழ, அந்த இடம் தழும்பாகிறது. தழும்பு விரிந்து கொடுக்காது, அதனால்தான் மூச்சு வாங்குகிறது. முகத்தில் கட்டும் துண்டு அந்தத் துகளைத் தடுக்காது. வந்த தழும்பைப் போக்க மருந்தும் இல்லை. இப்படிப்பட்ட நுரையீரலில் காசநோய் எளிதாகப் பற்றும் என்பதால் சளியை மீண்டும் சோதித்தோம். அப்போதும் இல்லை.

சீட்டில் நாங்கள் எழுதும் பெயர் மாத்திரையோடு நின்றுவிடுவதில்லை. தொழிலாளர்களுக்கான இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில்நோய்ப் பட்டியலில் சிலிக்கோசிஸ் இருக்கிறது. காசநோய் என்று எழுதிய சீட்டோடு ஒரு குவாரித் தொழிலாளி அந்த வாசலை மிதிக்கவே முடியாது.

வேலையை விட்டுவிடுங்கள் என்றேன். "நான் விட்டுவிடுவேன் சார். பையன் 2 வருடமாக அதே மிஷினில் நிற்கிறான்" என்றார்.

அடுத்த வாரம் பையனை அழைத்து வந்தார். அவன் படத்தில் புள்ளி எதுவும் இல்லை. இத்தனை சீக்கிரத்தில் பெரும்பாலும் எதுவும் தெரியாது என்பதையும் சொன்னேன். தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசி அடங்குமே, அதற்கு வசதி இல்லையா என்று கேட்டேன். குழாய் இருக்கிறதாம். தண்ணீர் லாரிக்குச் செலவாகும் என்று மாட்டுவதில்லையாம்.