மோய் ஆற்றின் இக்கரை வரைக்கும்

மதுரைக்குத் திரும்பி 2 நாள் ஆகிறது. கோபம் இன்னும் அடங்கவில்லை. கிளம்புவதற்கு முன் இங்கே ஒரு டிராவல்ஸ்காரர், "தாய்லாந்துல மே சோட் போயிட்டீங்கன்னா பாலத்தைத் தாண்டி மியாவாடி. அங்கேருந்து நேரா மோல்மேன். பயமே இல்ல சார்" என்று சொல்லி முன்பணம் கேட்டார்.

அப்பத்தா பிறந்த ஊர் பர்மாவின் மோல்மேன். 1964-இல் பர்மா அரசு கடைகளை எடுத்துக்கொண்டபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஆனால் முன்பணம் கொடுக்கவில்லை. மே சோட் வரை போய் விசாரித்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

பாங்காக்கிலிருந்து ராத்திரி பஸ், சுமார் 500 கிலோமீட்டர். ஏசி குளிரில் ஒரு பொட்டுத் தூக்கமில்லை. விடிகாலையில் இறங்கினால், தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் எல்லையான மோய் ஆற்றங்கரைக்குப் போக வண்டிக்காரர் 500 பாட் கேட்கிறார். நம் காசில் 1,300 ரூபாய்க்கு மேல்! பகல் கொள்ளை. கொஞ்ச தூரம் நடந்து ஷேர் வண்டி பிடித்தேன், அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. போகிறவர்கள் தயவுசெய்து நடந்துவிடுங்கள்.

அங்கே ஒரு பர்மாக்காரம்மா கடையில் மொகிங்கா சாப்பிட்டேன். கெளுத்தி மீன் சாறு, வாழைத்தண்டு, அரிசி நூடுல்ஸ், மேலே வறுத்த பருப்பு. அப்பத்தா கைப்பக்குவம் அப்படியே இருந்தது. கண் கலங்கிவிட்டது. இரண்டாவது கிண்ணமும் வாங்கினேன், பட்ஜெட்டை மறந்து.

சரி, ஆற்றுக்கு வருகிறேன். மதுரையில் வைகை இருக்கும் அகலம்கூட மோய்க்கு இல்லை. எதிர்க்கரையில் பர்மாவின் மியாவாடி கண்ணுக்கு நேரே தெரிகிறது. ஒருவன் வந்து, "படகு இருக்கு, அரை மணி நேரம், முத்திரை வேண்டாம்" என்றான். பாஸ்போர்ட்டில் முத்திரையில்லாமல் நுழைந்தால் சட்டவிரோதக் குடியேற்றம், சிறைதான். 2024 ஏப்ரலில் அந்த ஊரைக் கைப்பற்ற ராணுவத்துக்கும் கரேன் இன ஆயுதப் படைகளுக்கும் சண்டை நடந்தது. மோல்மேன் போகிற நெடுஞ்சாலையும் அந்தச் சண்டைக்குத் தப்பவில்லை. என் பயணக் காப்பீட்டில் போர், கலவரம் இரண்டுக்கும் பணம் கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. இதில் எதையாவது அந்த டிராவல்ஸ்காரர் சொன்னாரா?

அந்தக் கரையில்தான் இணைய மோசடிக் கூடங்கள் இருக்கின்றன. டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லித் தாய்லாந்தில் இறக்கி, ஆற்றைக் கடத்தி, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அடைத்து வைத்து, இணையத்தில் ஆட்களை ஏமாற்றும் வேலை செய்ய வைக்கிறார்கள். 2025 மார்ச்சில் அப்படி மாட்டியிருந்த 549 இந்தியர்களை மே சோட்டிலிருந்துதான் விமானப்படை விமானங்களில் அழைத்து வந்தார்கள்.

நான் ஆற்றைத் தாண்டவில்லை. அப்பத்தா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன்.

நேற்று எதிர்வீட்டு அக்கா, மகனுக்கு பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருப்பதாக இனிப்போடு வந்தார். ஏஜென்ட் கொடுத்த காகிதத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு இன்று சாயங்காலம் அந்தத் தம்பியை வரச் சொல்லியிருக்கிறேன்.