திங்கட்கிழமையின் இரண்டாவது சாவி

வங்கியில் ஸ்ட்ராங் ரூமைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று அக்கவுண்டன்டிடம், இன்னொன்று ஹெட் கேஷியரிடம். ஒருவர் வராவிட்டால் மற்றவர் கையில் இருப்பது வெறும் இரும்பு. 1997 ஜூலை 14, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தெற்குக் கல்கத்தாவில் ஒரு கிளையில் அந்த இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி நின்றிருந்தேன். கவுண்டருக்கு வெளியே பென்ஷன்காரர்கள் குடையை உதறிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். மழை. ஹெட் கேஷியர் வரவில்லை.

அவரை நாங்கள் பொர்தா என்போம். பெரியண்ணன் என்று அர்த்தம். அவருக்கு அடுத்து, அன்றன்றைய வரவு செலவை டே புக்கில் எழுதுகிறவர் மேஜ்தா, நடு அண்ணன். வங்காளிகள் ஆபீஸையும் ஒரு கூட்டுக் குடும்பமாக ஆக்கிவிடுவார்கள். ப்ரமோஷனோடு கல்கத்தாவுக்குத் தூக்கிப் போட்ட புதிதில், எதிரே வருகிறவர்களையெல்லாம் 'தாதா, தாதா' என்று கூப்பிட எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. நம் ஊரில் அந்தப் பட்டத்துக்குப் போலீஸ் ஸ்டேஷனில் வேறு மரியாதை.

பொர்தா தாமதமாக வந்து நான் பார்த்ததே இல்லை. ஷியாம்பஜாரிலிருந்து மெட்ரோ ஏறி காளிகாட்டில் இறங்கி, ஒன்பதே முக்காலுக்கு நாற்காலியில் இருப்பார். அன்று வராததற்கு என்ன காரணம் என்று கிளையில் எல்லோருக்கும் தெரியும். முந்தின நாள் சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஃபெடரேஷன் கோப்பைக் கால்பந்து அரையிறுதி. பொர்தா மோகன் பகான் கட்சி, மேஜ்தா ஈஸ்ட் பெங்கால் கட்சி. ஈஸ்ட் பெங்கால் நாலு, மோகன் பகான் ஒன்று. பாய்ச்சுங் பூட்டியா என்ற இருபது வயதுப் பையன் ஹாட்ரிக் அடித்துவிட்டான். உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்கள் மட்டும் 1,31,000 பேருக்கு மேல். அதில் பாதிப் பேர் அன்று இரவு சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கும் ஒரு டிக்கெட் வந்தது. மேஜ்தாதான் கொடுத்தார். நான் போகவில்லை. போனால் ஏதாவது ஒரு பக்கத்து கேலரியில் உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் மறுநாள் காலை சாவிக்காரருக்கு முகம் கொடுக்க முடியாது. லேக் மார்க்கெட் பக்கம் தமிழர்கள் நடத்திய மெஸ்ஸில் படுத்திருந்தேன். ஸ்கோர் தானாகவே தெருவழியாக வந்து சேர்ந்தது. மினி லாரிகள் நிறைய சிவப்பு மஞ்சள் கொடி, சுருட்டிக் கொளுத்திய செய்தித்தாள் தீப்பந்தம். ஈஸ்ட் பெங்காலின் சின்னமே தீப்பந்தம்தான். நாலு விரலைக் காட்டிக்கொண்டே போனார்கள்.

இந்தச் சண்டையின் வேர் பந்தில் இல்லை. மோகன் பகான் 1889-இல் தொடங்கியது. பரம்பரையாக மேற்கு வங்காளத்துக்காரர்களின் கிளப். அவர்களை 'கோட்டி' என்பார்கள். (எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கோட்டி என்றால் பைத்தியம். ஊருக்கு எழுதிய கடிதத்தில் 'இங்கே பாதி ஊர் கோட்டி' என்று எழுதியதற்கு அம்மா பயந்து பதில் போட்டாள்.) ஈஸ்ட் பெங்கால் 1920-இல் கிழக்கு வங்காளத்துக்காரர்களுக்காகப் பிறந்தது, அவர்கள் 'பாங்கால்'. 1947-க்கு அப்புறம் வீடு, நிலம், ஆறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு இந்த நகரத்தில் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தவற்றில் அந்தக் கிளப் ஒன்று. மேஜ்தாவின் அப்பா பாரிசாலிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து விஜய்கட் அகதிக் காலனியில் குடிசை போட்டவர். அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கிறேன். அதில் இப்போது கிளப் கொடியும் பழைய டிக்கெட்டுகளும் இருக்கின்றன.

மீனிலும் கட்சி உண்டு. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ், மோகன் பகான் ஜெயித்தால் இறால். இலிஷ் நம் பக்கத்து உல்லம் மீன்தான். முள்ளை எண்ணி முடிக்க முடியாது. ஆட்டத்துக்கு மறுநாள் கரியாஹாட் மார்க்கெட்டில் எந்த மீன் விலை ஏறியிருக்கிறது என்று பார்த்தே யார் ஜெயித்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

பத்தே கால் மணிக்குப் பொர்தா வந்தார். ஷேவ் செய்யவில்லை. யாரையும் பார்க்கவில்லை. நேராக ஸ்ட்ராங் ரூம் கதவருகே வந்து தன் சாவியைப் போட்டார். நான் என்னுடையதைப் போட்டேன். உள்ளே நாஃப்தலின் உருண்டை வாசனையும் மழைக்கால நோட்டு வாசனையும். அவர் கட்டுகளை எடுத்து வைக்க, நான் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். ஒரு வார்த்தை இல்லை.

நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு முந்தின வருஷம் பட்ட சூடு. மோகன் பகான் ஒரு கோலில் தோற்றிருந்த ஒரு காலையில், இதே அறையில், ஆறுதலாக இருக்கட்டும் என்று "விடுங்க பொர்தா, விளையாட்டுன்னா ஜெயிக்கிறதும் தோற்கிறதும் சகஜம்தானே" என்று சொல்லித் தொலைத்தேன். நாலு நாள் அவர் என்னோடு பேசவில்லை. தினம் இரண்டு வேளை கதவைத் திறந்து மூடினோம், இரண்டு ஊமைகள் மாதிரி. ஐந்தாம் நாள் அவரே சொன்னார்: "உங்க வீட்டுல ஒருத்தர் செத்துப்போனா, பிறந்தவங்க எல்லாரும் சாகத்தானே வேணும்னு நான் வந்து சொல்லவா?" அப்போது எனக்கு இது அளவு மீறிய பேச்சாகப் பட்டது. இப்போதும் கொஞ்சம் அப்படித்தான் படுகிறது. ஆனால் அதற்கப்புறம் நான் யாருக்கும் அந்த ஆறுதலைச் சொன்னதில்லை.

பதினோரு மணி டீ வேளைக்கு மேஜ்தா ஒரு திட்டம் வைத்திருந்தார். மோகன் பகான் கோச் அமல் தத்தா 'டைமண்ட் சிஸ்டம்' என்று புது வியூகம் போட்டு ஊரையே அதைப் பற்றிப் பேச வைத்திருந்தார். ஆட்டத்துக்கு முன்னால் எதிரணி ஆட்டக்காரர்களை வாய்க்கு வந்தபடி வேறு கிண்டல் செய்திருந்தார். பாய்ச்சுங்கை 'சுங்சுங்' என்றார், ஓமோலோவை ஆம்லெட் என்றார், ஸோஸோவை 'ஷோஷா' என்றார். ஷோஷா என்றால் வங்காளியில் வெள்ளரிக்காய். கல்கத்தாப் பத்திரிகைகள் இதை விடுவார்களா? கிளையில் ஒரு வாரமாக இதே பேச்சு. பொர்தாவும் சும்மா இருக்கவில்லை, மேஜ்தா மேஜையைக் கடக்கும்போதெல்லாம் "ஆம்லெட்டுக்கு உப்பு போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

ஆக, டீக்கடைப் பையன் ஒரு அலுமினியத் தட்டோடு உள்ளே வந்தான். கிளை முழுக்க ஆளுக்கொரு ஆம்லெட், ஓரத்தில் நாலு துண்டு வெள்ளரிக்காய். மேஜ்தா உபயம். முதல் தட்டு கேஷ் கேபின் கம்பி வழியாக உள்ளே போயிற்று. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். வாடிக்கையாளர்களும்தான், விஷயம் அவர்களுக்கும் தெரியும்.

பொர்தா எண்ணிக்கொண்டிருந்த கட்டை முடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, டிராயரில் வைத்துப் பூட்டினார். ஆம்லெட்டை நிதானமாகப் பிய்த்துச் சாப்பிட்டார். வெள்ளரிக்காயையும் ஒன்றொன்றாக எடுத்துத் தின்றார். கைக்குட்டையில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். நோட்டில் எண்ணெய் படக் கூடாதே. பிறகு தட்டைக் கம்பி வழியாக வெளியே தள்ளிவிட்டு, அடுத்த டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்.

மேஜ்தாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். வெடிக்கும் என்று காதைப் பொத்திக்கொண்டு நின்ற பட்டாசு புஸ்ஸென்று போனால் சின்னப் பிள்ளை நிற்குமே, அப்படி.

ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றால் ஒரு வாரத்துக்குத் தீனி இருக்கிறது. ரெஃப்ரி கண்ணில்லாதவன், அது ஆஃப்சைடு, கம்பத்தில் பட்டது உள்ளே போயிருந்தால் என்று. தோற்றவன் மல்லுக்கு நிற்பான், ஜெயித்தவனுக்கு அந்த மல்லுக்கட்டில்தான் ருசி. நாலு ஒன்றில் பேச என்ன இருக்கிறது? தோற்றவனிடம் வாதம் இல்லை. அதனால் ஜெயித்தவனுக்கும் வேலை இல்லாமல் போகிறது. மத்தியானம் வரை மேஜ்தா மூன்று முறை எழுந்து கேஷ் கேபின் பக்கம் போய், ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் கேஷ் ஒரு பைசா பிசகாமல் வந்தது. டே புக் டேலி ஆகவில்லை. 900 ரூபாய் டிஃபரன்ஸ். எழுதியது மேஜ்தா. இரவெல்லாம் கொடி பிடித்துவிட்டு வந்த கை.

கம்ப்யூட்டர் வராத காலம். டிஃபரன்ஸ் வந்தால் வவுச்சரைக் கட்டு கட்டாகப் பிரித்து ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பார்க்க வேண்டியதுதான். ஆறு மணி, ஆறரை. நானும் மேஜ்தாவும் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். பொர்தாவுக்கு இதில் சம்பந்தமே இல்லை. பணத்தை வைத்துப் பூட்டியாகிவிட்டது, அவர் மெட்ரோ பிடித்துப் போயிருக்கலாம். குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர், திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எவ்வளவு?"

"தொள்ளாயிரம்."

"ஒன்பதால வகுபடுது. எங்கேயோ நம்பரை இடம் மாத்திப் போட்டிருக்கே."

பழைய ஆட்களுக்கு இது பாலபாடம். இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். நாங்கள் இருந்த பதற்றத்தில் தோன்றவில்லை. பத்தே நிமிஷத்தில் பொர்தா எடுத்துக் காட்டினார்: வவுச்சரில் 5,400, புத்தகத்தில் 4,500. பேனாவை மூடினார். அப்புறம் முதல் தடவையாக மேஜ்தாவின் முகத்தைப் பார்த்தார்.

"நேத்து சால்ட் லேக்லயும் இப்படித்தான் எவனோ மாத்தி எழுதிட்டான். ஒண்ணு நாலை நாலு ஒண்ணுன்னு."

மேஜ்தா ஒரு நொடி விழித்தார். பிறகு விரலை மடக்கி, "நாற்பத்தொண்ணுல பதினாலு போனா இருபத்தேழு... அதுவும் ஒன்பதால வகுபடுதே, பொர்தா!" என்றார்.

அவ்வளவுதான், சண்டை ஆரம்பித்துவிட்டது. டைமண்ட் சிஸ்டம் தப்பா, அதை ஆடத் தெரியாதவர்கள் தப்பா. ஈஸ்ட் பெங்காலின் பி.கே. பானர்ஜி கோச்சா, மந்திரவாதியா. சீமா ஒகோரி அடித்த அந்த ஒரு கோலின் அழகு. மேஜ்தா 1975-ஐ எடுத்தார்: ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் ஐந்துக்கு பூஜ்யம். பொர்தா அன்று கல்யாணமாகாத வாலிபர், மைதானத்தில் இருந்தவர். மோகன் பகான் ஆட்டக்காரர்கள் சிலர் தங்கள் ரசிகர்களுக்குப் பயந்து அன்றிரவைக் கங்கையில் ஒரு படகில் கழித்ததாக ஊரே சொல்லும். கிளப்பின் சின்னம் பாய்மரப் படகு. மேஜ்தாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? பொர்தா பதிலுக்கு 1911-ஐ இறக்கினார். வெறுங்காலோடு ஆடி ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை இரண்டு ஒன்றில் ஜெயித்து ஷீல்டை வாங்கிய வருஷம். "அப்போ உன் கிளப் எங்கே இருந்தது? பிறக்கவே இல்லை!"

படகுக் கதையைச் சொல்லிச் சிரித்தவர்கள், 1975-இல் தோல்வி தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு மோகன் பகான் ரசிகரைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அந்தக் கதையை அப்புறம் வேறொருவர்தான் எனக்குச் சொன்னார். 1980 ஆகஸ்ட் 16-ஐப் பற்றியும் அப்படித்தான். ஈடன் கார்டனில் இந்த இரு அணிகளும் ஆடிய அன்று கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தார்கள். வருஷா வருஷம் அந்தத் தேதியில் நகரத்தில் ரத்ததான முகாம் நடக்கும். அந்த ஆகஸ்டில் பொர்தாவும் மேஜ்தாவும் ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டு ஒன்றாகப் போய், கையில் பஞ்சோடு ஒன்றாகத் திரும்பி வந்தார்கள். கேலி இல்லை, பேச்சு இல்லை. நான் காரணம் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கிளையின் மோகன் பகான் கூட்டம் அமல் தத்தாவின் மேல் பாய்ந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும் போலிருக்கிறது. புதன்கிழமை மேஜ்தா வீட்டிலிருந்து கடுகு அரைத்து வைத்த இலிஷ் வந்தது, பெரிய டிபன் கேரியரில். பொர்தா, கட்சி மீன் ஆகாது என்று சொல்லிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டார். இரண்டு முறை. சில நாளில் ஈஸ்ட் பெங்கால் இறுதி ஆட்டத்தில் கோவாவின் சால்கோகரிடம் தோற்றுக் கோப்பையைக் கோட்டைவிட்டது. மேஜ்தாவுக்கு அது பெரிதாகவே தெரியவில்லை. "அதான் நாலு அடிச்சாச்சே" என்றார்.

நான் மாற்றல் வாங்கிக்கொண்டு தெற்கே வந்தேன். 2009 அக்டோபர் 25, ஞாயிற்றுக்கிழமை இரவு மதுரையில் போன் அடித்தது. பொர்தா. எங்கோ பேசிச் சுற்றினார்: மழை, முழங்கால் வலி, என் பையனின் வேலை. கடைசியில், "மேஜோவுக்கு ஒரு போன் போட்டு உடம்பு எப்படி இருக்குன்னு கேளேன். நான் கேட்டா நல்லா இருக்காது" என்றார். எனக்குத் திக்கென்றது. போனை வைத்த பிறகுதான் டி.வி.யைப் போட்டேன். ஐ-லீக்கில் மோகன் பகான் ஐந்து, ஈஸ்ட் பெங்கால் மூன்று. சிடி எடே என்ற நைஜீரியர் தனியாளாக நாலு அடித்திருந்தார்.

சரி, ஆனாலும் போட்டேன். மேஜ்தாவின் மனைவிதான் எடுத்தார். அவரை நான் பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவேன்.

"அவர் தூங்கிட்டாரே" என்றார். மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே, பௌதி?"

அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், தூக்கக் கலக்கம் துளியும் இல்லாமல்: "பொர்தா கேட்கச் சொன்னானா? நாளைக்கு இறால் அனுப்பச் சொல்லு!"