கடூர் சாகிப்பில் ஒரு பகல்

அமிர்தசரஸ் போகிறவர்கள் பெரும்பாலும் பொற்கோயிலைத் தரிசித்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். கையில் இன்னொரு நாள் இருந்தால் தரன் தாரன் மாவட்டத்துக் கடூர் சாகிப்புக்கும் போய் வாருங்கள். சீக்கியர்களின் இரண்டாம் குரு அங்கத் தேவ் வாழ்ந்த ஊர். பிள்ளைகளுக்குப் பஞ்சாபி எழுதும் குர்முகி எழுத்தைச் சொல்லிக்கொடுத்த அவரே, அவர்கள் குஸ்தி பழகக் களமும் அமைத்தார். அந்த இடத்தில் இப்போது மல் அகாடா சாகிப் குருத்வாரா இருக்கிறது. நம் மல்யுத்தத்தில் வரும் அதே 'மல்'.

தலையில் துணி கட்டிக் கும்பிட்டு, நெய் சொட்டும் கடா பிரசாதத்தை வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் இலவசமாகச் சோறு போடும் லங்கர் பக்கம் போனேன். குருவின் மனைவி மாதா கீவி பரிமாறிய நெய்ப் பாயசத்தைச் சீக்கியர்களின் வேதமான குரு கிரந்த சாகிப்பே பாடுகிறது. அப்படிப்பட்ட அடுப்படி!

ரொட்டிக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். எழுபது தாண்டியிருக்கும். இரண்டு காதும் மடிந்து தடித்துப்போன பழைய பயில்வான். பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பையன். அவன் உருட்டியதில் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தவர், "விரலால் இல்லை புத் (மகனே), உள்ளங்கையால்" என்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். மாவு அப்பிய அந்தப் பிடி சமையல்காரர் பிடி மாதிரி இல்லை. எனக்குத் தெரிந்த இந்தியில் விசாரித்தேன். சாயங்காலம் அவனுக்குக் குஸ்தி சொல்லித்தருகிறாராம்.

"பேரனா?"

"தோஸ்த்" என்றார். நண்பனாம்.

எனக்கு அமர்தாஸ் நினைவு வந்தது. அறுபது வயதை ஒட்டி இந்த ஊருக்கு வந்து, தன்னைவிட 25 வயது இளைய அங்கத் தேவைக் குருவாக ஏற்றவர். விடியும் முன்னே பியாஸ் ஆற்றிலிருந்து குரு குளிக்கத் தண்ணீர் சுமந்தார். ஓர் இருட்டில் நெசவாளர் வீட்டுத் தறிக்குழி முளையில் இடறி விழுந்தாராம். 1552இல் அவரே மூன்றாம் குரு ஆனார். இளையவருக்குக் குடம் சுமக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! அதை நினைத்தபடியே பந்தியில் உட்கார்ந்தேன். "பர்ஷாதா ஜி" என்று குனிந்தான் பையன். இரண்டு கையையும் ஏந்தி ரொட்டியை வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் மூவரும் தட்டு கழுவினோம். வெயில் தாழ்ந்ததும் இருவரும் கிளம்பினார்கள். பெரியவருக்கு முழங்கால் மடங்கவில்லை. பையன் அவருடைய செருப்பை வாங்கி வந்து, தன் துண்டால் துடைத்து, உட்கார்ந்து காலில் மாட்டிவிட்டான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் களத்துப் பக்கம் நடந்தார்.