மதர் ஹவுஸ் போய் வந்தோம் – அன்னை தெரசா சுமந்த இருட்டு

கொல்கத்தாவுல இருக்கிற மதர் தெரசா கல்லறையைப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை, ஆனா இந்தத் தடவை கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டது அக்காவுக்காகத்தான். அக்கா நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க, சர்வீஸ்ல பெரும்பகுதி தொழுநோயாளிங்க வார்டுலயே போச்சு, இப்பவும் திங்கட்கிழமை ஆனா ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய் படுக்கைப் புண்ணு இருக்கிறவங்களுக்கு டிரெஸ்ஸிங் பண்ணிட்டு வராங்க. பூசைக்குப் போவாங்க, ஜெபமாலை சொல்லுவாங்க, நன்மை (நற்கருணை) வாங்குவாங்க, எல்லாம் இருக்கு. ஆனா ஒருநாள் சமையக்கட்டுல நின்னுகிட்டு இருக்கும்போது, "தம்பி, ஜெபம் பண்றப்ப அந்தப் பக்கம் யாரும் இருக்கிற மாதிரியே தெரியலடா, ரொம்ப வருஷமாச்சு"ன்னு சொன்னாங்க. பாவசங்கீர்த்தனத்துல ஒரு ஃபாதர்கிட்ட இதைச் சொன்னதுக்கு, விசுவாசம் குறைஞ்சு போச்சு, இன்னும் நல்லா ஜெபம் பண்ணுங்கன்னு ரெண்டு வரியில முடிச்சிட்டாராம். அதுக்கப்புறம் யார்கிட்டயும் வாயே திறக்கல. எனக்கு அதைக் கேட்டப்ப ரொம்ப கோவம் வந்துச்சு, இன்னமும் இருக்கு.

அப்பதான் நான் மதரோட கடிதங்களைப் பத்தி அக்காகிட்ட சொன்னேன். அவங்க செத்து பத்து வருஷம் கழிச்சு, 2007ல அந்தக் கடிதங்க புத்தகமா வந்துச்சு, உலகமே அதிர்ச்சியாயிடுச்சு. தன்னோட ஆன்ம குருக்களுக்கு ரகசியமா எழுதினது, எரிச்சிடுங்க எரிச்சிடுங்கன்னு அவங்களே கெஞ்சிக் கேட்டும் எரிக்காம வச்சிருந்தது. உள்ள ஒரே இருட்டு, கடவுள் என்னை வேண்டாம்னு தள்ளிட்ட மாதிரி இருக்கு, ஆன்மான்னு ஒண்ணு இருக்கான்னே தெரியல, நீங்க இருக்கீங்கன்னா என்னை மன்னிச்சிடுங்கன்னு இயேசுகிட்டயே சொல்ற அளவுக்கு எழுதியிருக்காங்க. அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "அங்க ஒருதடவை போலாமாடா"ன்னாங்க.

மதர் ஹவுஸ்னா மதர் ஆரம்பிச்ச மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி சபையோட தலைமை இல்லம். ஆச்சார்யா ஜகதீஷ் சந்திர போஸ் ரோடு 54ஏ, பெரிய ரோடு, பஸ்ஸும் டாக்ஸியும் ஹாரன் அடிச்சுகிட்டே இருக்கும், பக்கத்துச் சந்துக்குள்ள திரும்பினா சாதாரண வீட்டுக் கதவு மாதிரி ஒண்ணு, அதான் வாசல். வியாழக்கிழமை பார்வையாளர்களை விடமாட்டாங்க, மத்தியானமும் மூடிடுவாங்க, போறவங்க அதைப் பாத்து பிளான் பண்ணிக்கோங்க. கல்லறை கீழ்த்தளத்துலயே இருக்கு. வெள்ளையா, எந்த வேலைப்பாடும் இல்லாம, அதுமேல சாமந்திப் பூவால ஒரு வரி எழுதி வச்சிருப்பாங்க சிஸ்டர்ஸ். சுத்தி யார் யாரோ, பெங்காலி அம்மா ஒருத்தங்க நெத்தி நிறைய குங்குமத்தோட கல்லுல தலையை வச்சு அழுதுகிட்டு இருந்தாங்க, ரெண்டு வெள்ளைக்காரப் பசங்க சம்மணம் போட்டு உக்காந்திருந்தாங்க. ஒரு சின்ன கண்காட்சி ரூம்ல மதரோட செருப்பும் புடவையும் வச்சிருக்காங்க. அந்த நீலக்கரை வெள்ளைப் புடவை கொல்கத்தா பக்கத்துல டிட்டாகர்ல தொழுநோயாளிங்க தறியில நெய்யறதுன்னு தெரிஞ்சதும் அக்கா முகமே மாறிப்போச்சு. அவங்க வாழ்க்கையில எத்தனை விரலில்லாத கைக்குக் கட்டுப் போட்டிருப்பாங்க!

மதர் இருந்த ரூமை எட்டி நின்னுதான் பாக்க முடியும். ஒடுக்கமான கட்டில், ஒரு மேசை, அவ்வளவுதான். கீழ சமையல்கட்டு இருக்கிறதால அனல் ஏறுமாம், ஆனா ஃபேன் வச்சுக்கல. நோபல் பரிசும் (1979) பாரத ரத்னாவும் (1980) வாங்கினவங்க தூங்கின இடம் இதுதான்.

ஆனா எனக்கு மனசுல நின்னது மாடியில இருக்கிற சாப்பல். நாற்காலி பெஞ்சு எதுவும் கிடையாது, எல்லாரும் தரையிலதான். பாடுபட்ட சுரூபத்துக்கு (சிலுவையில தொங்குற இயேசு சிலை) பக்கத்துல 'தாகமாயிருக்கிறது'ன்னு இயேசு சிலுவையில சொன்ன வார்த்தை, இந்த சபையோட எல்லா சாப்பல்லயும் இது இருக்கும். பின்னாடி கதவோரமா மதர் வழக்கமா உக்கார்ற இடத்துல அவங்க உக்காந்திருக்கிற மாதிரியே ஒரு சிலை, ஒடம்பு குறுகி, கை கூப்பி. முன்வரிசையில இல்ல, பீடத்துக்குப் பக்கத்துல இல்ல, கடைசியில. அக்கா போய் அந்தச் சிலைக்குப் பக்கத்துல, தோளோட தோளா உரசுற மாதிரி உக்காந்துட்டாங்க. நான் கொஞ்சம் தள்ளி. வெளிய ஹாரன் சத்தம் ஜன்னல் வழியா அப்படியே உள்ள வருது.

அங்க உக்காந்து நான் யோசிச்சது இதுதான். ஒண்ணுமே கேக்காதவங்களுக்கு மௌனம் பெருசா வலிக்காது. மதருக்கு அப்படி இல்ல. 1946 செப்டம்பர் 10, டார்ஜிலிங் போற ரயில்ல அவங்களுக்கு அழைப்பு வந்துச்சு, அடுத்த சில மாசம் இயேசுவோட குரலையே தெளிவா கேட்டதா எழுதியிருக்காங்க, ஏழைகளோட குடிசைக்குள்ள என்னைக் கூட்டிட்டுப் போன்னு. அதை நம்பித்தான் அதுவரைக்கும் கன்னியாஸ்திரியா இருந்த லொரேட்டோ கான்வென்ட்டை விட்டு 1948ல தெருவுல இறங்கினாங்க. இறங்கி வேலை தொடங்கின கொஞ்ச நாள்லயே குரல் நின்னுபோச்சு. கூப்பிட்டவரு காணாம போயிட்டாரு. 1958ல போப் பன்னிரண்டாம் பயஸ் இறந்தப்ப அவருக்காக நடந்த பூசையில ஒரு அடையாளம் கேட்டு வேண்டினாங்க, இருட்டு விலகுச்சு, ஒரு அஞ்சு வாரம் இருந்திருக்கும், திரும்ப வந்துருச்சு. 1997ல சாகிற வரைக்கும் பெருசா மாறலன்னுதான் கடிதங்களைத் தொகுத்த ஃபாதர் சொல்றாரு. கிட்டத்தட்ட அம்பது வருஷம்! கூடவே இருந்த சிஸ்டர்ஸுக்குக்கூட இது தெரியாது.

இதை வச்சு மதர் நடிச்சாங்கன்னு பேசினவங்க உண்டு. எனக்கு அது அநியாயமா படுது. 1942லயே, நீங்க எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லமாட்டேன்னு கடவுளுக்கு தனியா ஒரு வார்த்தைப்பாடு குடுத்தவங்க அவங்க, கேட்டவரு பேச்சை நிறுத்தினாலும் இவங்க குடுத்த வார்த்தையை வாபஸ் வாங்கல. இதுல நடிப்பு எங்க இருக்கு? அதே மாதிரி, அது சந்தேகமே இல்லைங்க, புனிதர்களுக்கு வர்ற ஆன்மாவின் இருண்ட இரவு, அவ்வளவுதான்னு மறையுரையில அவசரமா மூடி வைக்கிறதும் எனக்குப் பிடிக்கல. அவங்க கேட்டது நிஜமான கேள்வி, வலிச்சுக் கேட்டது. நம்ம ஊர்ல மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பம்னு அம்பது பாட்டு பாடியிருக்காரு, பாட்டுக்குப் பாட்டு என்னை விட்டுடுவியோ விட்டுடுவியோன்னு ஒரே கதறல், அதை யாரும் விசுவாசக் குறைவுன்னு சொன்னதில்லையே.

மறுநாள் காளிகாட். மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கி காளி கோயில் கூட்டத்துக்குள்ள, செம்பருத்தி மாலையும் பேடாவும் விக்கிற கடைங்களைத் தாண்டிப் போனா கோயிலை ஒட்டியே நிர்மல் ஹ்ருதய். 1952ல மாநகராட்சி குடுத்த யாத்ரீகர் சத்திரத்துல, தெருவுல சாகக் கிடந்தவங்களுக்காக ஆரம்பிச்சது. போட்டோ எடுக்கக்கூடாது, சரிதான். வரிசையா தாழ்வான கட்டில்ங்க. ஒரு இளம் சிஸ்டர் ஒரு பாட்டியோட கால்ல இருந்த கட்டை மாத்திட்டு இருந்தாங்க, காஸ் துணி புண்ணோட ஒட்டிக்கிடக்குது, இழுக்கல, சலைன் ஊத்தி ஊத்தி ஊறவச்சு, பாட்டி முகத்தையே பாத்துகிட்டு, முகம் சுளிச்சா நிறுத்தி, அப்புறம் ஓரத்துலேருந்து மெதுவா. அக்கா அசையாம நின்னு பாத்தாங்க. "நல்லா கத்துக்குடுத்திருக்காங்கடா, எங்க வார்டுல பாதிப் பேரு பிச்சு எடுத்துடுவாங்க"ன்னாங்க. புனிதத்தைப் பத்தியோ ஜெபத்தைப் பத்தியோ ஒரு வார்த்தை இல்ல.

திரும்பி வர்ற ரயில்லதான் எங்களுக்குள்ள வாக்குவாதம். 1961 வாக்குல ஃபாதர் ஜோசப் நாய்னர்னு ஒரு இயேசு சபை குரு, இந்த இருட்டு உங்க தப்பால வந்தது இல்ல, இதுக்கு மருந்தும் இல்ல, கடவுளுக்காக இப்படி ஏங்குறீங்களே அதுவே அவரு உள்ள இருக்கிறதுக்கு அடையாளம், இது இயேசு பட்ட பாடுல உங்க பங்குன்னு மதருக்குப் புரிய வச்சாரு. அதுக்கப்புறம் இருட்டு போகல, ஆனா அதையே நேசிக்க ஆரம்பிச்சிட்டேன்னு மதர் எழுதினாங்க. நான் அதைச் சொன்னேன், எனக்கு அது ரொம்பப் பெரிய பதிலா தோணுது. அக்கா ஒத்துக்கல. "அது அவங்களுக்குக் கிடைச்ச பதில்டா. எனக்கு இன்னும் இருட்டு இருட்டாத்தான் இருக்கு, அதைப் போய் நேசிக்கிறேன்னு நான் எப்படிச் சொல்றது, பொய்யில்லையா?"ன்னு கேட்டாங்க. ஏக்கம் இருக்கில்லக்கா, அது போதாதான்னேன். "இருக்கு"ன்னாங்க, அவ்வளவுதான், திரும்பிப் படுத்துட்டாங்க.

இன்னும் அதுல எங்களுக்குள்ள ஒத்து வரல. போன வாரமும் பேசிட்டுதான் இருந்தோம், நடுவுல மணியைப் பாத்துட்டு பாதியிலயே எந்திரிச்சிட்டாங்க, திங்கட்கிழமை, இல்லத்துக்கு லேட்டாயிடுச்சாம்.