ஐம்பது ரூபாய் அழுக்கு

"நமக்கே கேன் தண்ணி. இதுல மீனுக்குத் தனியா ஃபில்டரா?" என்று அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் பொண்ணு பிறந்தநாளுக்கு வாங்கிய இரண்டடித் தொட்டியும் நான்கு கோல்டு ஃபிஷ்ஷும் எங்கள் பெரம்பூர் வீட்டுக்கு வந்த ஒரே வாரத்தில், தொட்டித் தண்ணீர் கழனித் தண்ணியாகி இருந்தது.

வண்ணமீன் சமாசாரம் எதுவானாலும் கொளத்தூர்தான். ஞாயிற்றுக்கிழமை போனேன். முதலில் கண்ணில் பட்ட கடையில் நுழைந்து, அட்டைப்பெட்டியில் 'மணிக்கு 1000 லிட்டர்' என்று போட்டிருந்ததை வாங்கிவந்தேன். மிக்ஸியை வாட்ஸ் பார்த்து வாங்கும் பரம்பரை அல்லவா நாம்? மாட்டி, சுவிட்சைப் போட்டதும் 2016 வர்தா புயல் தொட்டிக்குள் மறுபடி வந்தது. மூன்று மீன்கள் துணி துவைக்கும் மெஷினில் விழுந்த கர்ச்சீஃப் மாதிரி சுற்றின. நான்காவது, தண்ணீர் உறிஞ்சும் இடத்தில் வாலை ஒட்டவைத்துக்கொண்டு என்னையே பார்த்தது.

அடுத்த வாரம் வேறு கடை. அங்கிருந்த அண்ணன் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தொட்டி இன்னா சைசு?"

"இரண்டடிக்கு ஒண்ணு, ஒண்ணு."

"அம்பத்தஞ்சு லிட்டர் வரும். மணிக்கு அதைப்போல நாலஞ்சு மடங்கு தண்ணி சுத்துனா போதும் சார். நீங்க நீச்சல் குளத்து மோட்டார வாங்கினு போயிருக்கீங்க."

ஸ்பாஞ்சு ஃபில்டர் ஒன்றும் சின்ன ஏர் மோட்டார் ஒன்றும் எடுத்துக் கொடுத்தார். குமிழி மேலே போகப் போக, தண்ணீரை ஸ்பாஞ்சு வழியாக இழுத்துக்கொண்டு போகும். அவ்வளவுதான் வித்தை. மோட்டாரைத் தண்ணி மட்டத்துக்கு மேலே வைக்கச் சொன்னார். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி மோட்டாருக்குள் வந்துவிடுமாம். பீரோ மேல் வைத்தேன். ராத்திரி முழுக்க யாரோ தவில் பழகுவது மாதிரி இருந்தது. அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டதும் அடங்கியது.

இரண்டு மாதம் தண்ணீர் கண்ணாடி. அப்புறம் வடகம் சீசன் வந்தது.

அன்று ஆபீஸிலிருந்து வந்து மொட்டை மாடிக்குப் போனேன். பழைய வேட்டியில் கூழ் வடகம் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கொடியில், கிளிப் மாட்டி, எங்கள் ஸ்பாஞ்சு. கருப்பாக இருந்தது இப்போது நெய்ப் பாத்திரம் தேய்த்த மாதிரி சுத்தமாக, மொறுமொறுவென்று இருந்தது. ஒரு காக்கா அதை வடகம் என்று நினைத்துக் கொத்திப் பார்த்திருந்தது. ஓரத்தில் சின்னக் குழி.

"ஒரே வழவழன்னு அழுக்குடா. குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் கசக்கினேன்" என்றார் அம்மா, பெருமையாக.

மூன்றாம் நாள் தொட்டி பால்போல வெளுத்தது. நான்கு மீன்களும் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. ஓடினேன் கொளத்தூருக்கு.

"ஃபில்டரக் கழுவுனீங்களா?" அண்ணன் தலையை நிமிர்த்தவே இல்லை.

"பளபளன்னு."

"அதான். மீன் போற கழிவு அம்மோனியா சார், அதுக்கே விஷம். ஸ்பாஞ்சுல இருக்கற பாக்டீரியாதான் அத நைட்ரைட் ஆக்கி, அப்பால நைட்ரேட் ஆக்குது. அது குடியேற ஒண்ணரை மாசம் ஆவும். நீங்க குளோரின் கலந்த மெட்ரோ தண்ணில கசக்கி, வெயில்ல காயவெச்சு, மொத்தத்தையும் காலி பண்ணிட்டீங்க."

ஒரு நாள் தீனி நிறுத்தச் சொன்னார். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். அதுவும் குளோரின் போக்கும் சொட்டு மருந்து விட்ட தண்ணீர். இனிமேல் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும். கடைசியாகத் தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த கன்னங்கரேல் ஸ்பாஞ்சு ஒன்றைத் தூக்கி, கொஞ்சம் தண்ணீரோடு பாலித்தீன் கவரில் போட்டுக் கட்டினார். "அம்பது ரூபா."

ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர் கவரையே உற்றுப் பார்த்தார்.

"மீன் எங்க சார்?"

"மீன் இல்லைங்க. அழுக்கு."

அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வீட்டில் அம்மா அதைவிட மோசம். "அம்பது ரூபாயா? நம்ம வீட்டுல இல்லாத அழுக்கா?" என்றார். ஆனாலும் தண்ணீர் மாற்ற பக்கெட் பிடித்தது அவர்தான். பத்து நாளில் தண்ணீர் தெளிந்தது. நான்கும் பிழைத்துவிட்டன, காக்கா கொத்திய ஸ்பாஞ்சு இப்போது கொசுவலை ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது.

போன வாரம் ராயபுரம் சித்தி வந்திருந்தார். தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏன்க்கா, இதுக்குள்ள இவ்ளோ அழுக்கா ஒண்ணு இருக்கே, எடுத்துக் கழுவக் கூடாதா?" என்று கையை விடப் போனார்.

அடுப்பங்கரையிலிருந்து அம்மா குரல் வந்தது: "ஏய், கை வைக்காத! காசு குடுத்து வாங்கின அழுக்கு அது."